தலை எண்ணுகிறவள்

கயிற்றை அவிழ்க்குமுன் எண்ணினேன்: ஏழு பேர்.
தொரெயோன் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்று
கதவில் அட்டை தொங்கவிட்டு
அப்படியே எங்கள் படகில் ஏறியிருந்தது.
பாலைவனத்துக்காரர்கள்.
முழுப் படகுக்கும் பணம் கட்டிய டாக்டர் ரோமுலோ
சுக்கானைவிட்டு நகரவில்லை.
மற்றவர்கள் ஐஸ் பெட்டியைவிட்டு.

படகின் பெயர் லா தெர்கா, பிடிவாதக்காரி.
முதல் மனைவியை நினைத்து வைத்த பெயர் என்பார் கேப்டன் அபுந்தியோ.
தன்னைத்தான் என்று இரண்டாம் மனைவி
இன்றுவரை சண்டை போடுகிறாள்.

லா பாஸ் வளைகுடா வாய் தாண்டும் வரை
எர்லிந்தாவின் போன் ஓயவில்லை.
மருத்துவமனை எண்ணைத் தன் எண்ணுக்குத் திருப்பிவிட்டு வந்திருக்கிறாள்.
"வியாழக்கிழமை பத்தரை மணி, சரியா?
வலி அதிகமென்றால் கிராம்பு வையுங்கள்."
தீவு நெருங்க நெருங்க
சிக்னல் ஒவ்வொரு கோடாக உதிர்ந்தது.
"அலோ? அலோ?" என்றாள்
கடலைப் பார்த்து.

லோஸ் இஸ்லோத்தெஸ் பாறையடியில் நங்கூரம்.
மாஸ்க் கொடுத்து வழக்கமான பாடம் சொன்னேன்:
ரப்பரைப் பல்லால் கடியுங்கள்,
மூக்கு என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுங்கள்.
வாழ்நாளெல்லாம் பிறரைக் கடிக்கச் சொன்னவர்கள்
சிரித்துக்கொண்டே கடித்தார்கள்.

பிறகு என் வேலை எண்ணுவது.
பத்து வருடமாக இதே வேலை, எவேலியா கோத்தா,
படகின் பின்பக்கம் நின்று தலை எண்ணுகிறவள்.
ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு,
ஏணியைப் பிடித்தபடி எர்லிந்தா ஏழு,
எட்டு.

எட்டு?

வயிறு கலங்கியது.
குறைந்தால் என்ன செய்வதென்று பயிற்சி உண்டு.
கூடினால்?
எட்டாவது தலைக்கு மீசை இருந்தது.
ஈரமாய், கறுப்பாய், கேலியாய் என்னைப் பார்த்துவிட்டு
டாக்டரின் துடுப்புச் செருப்பை ஒரு கடி கடித்து மறைந்தது
கடல்சிங்கக் குட்டி.

எர்லிந்தா மட்டும் முகத்தை இறக்கவில்லை.
மார்பளவு நீரில், கூந்தல் நனையாமல்,
உதட்டுச் சாயம் கலையாமல்,
மற்றவர்களின் பைகளைக் காவல் காப்பவள் மாதிரி.
"நான் இங்கேயே இருக்கிறேன், யாராவது கூப்பிட்டால்" என்றாள்.
"இங்கே யாரும் கூப்பிட முடியாது, செனோரா" என்றேன்.
ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அதை அவள் வேறு எப்படியோ கேட்டிருக்க வேண்டும்.
ஏணியிலிருந்து ஒரு கை வந்தது.
பிறகு மற்றொன்று.
முகம் உள்ளே போயிற்று.

எத்தனையோ பேரின் முதுகைப் பார்த்திருக்கிறேன்,
பயந்த முதுகு, வீராப்பு முதுகு.
அது பேச்சை நிறுத்திய முதுகு.
ஸ்நார்க்கல் குழாயில் மூச்சு மட்டும்
போய் வந்து போய் வந்து.
எழுப்பப் போன கேப்டனைக் கையமர்த்தினேன்.
சூப்பு ஆறட்டும்.

பிறகு கடற்கரை. எலுமிச்சை பிழிந்த செவிச்சே,
மடக்குக் குடை, குரூப் போட்டோ.
"இந்த மணலில் பாதி கிளிமீன் தின்று கழித்தது"
கேப்டன் தன் பழைய ஜோக்கைச் சொன்னார்.
எல்லோரும் "சீ" என்று காலைத் தூக்க,
அவள் ஒரு பிடி அள்ளி
கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள்.

"நாம் பார்க்காதபோதும் கீழே
இவ்வளவு நடந்துகொண்டேதான் இருக்குமா?"
"ஆமாம்."
"யாரும் ஏற்பாடு செய்யாமலா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்னொரு தோஸ்தாதா கொடுத்தேன்.

திரும்பும் வழியில் கோரோமுவெல் காற்று எழும்பியது.
நகர விளக்குகள் தெரிந்ததும்
அவள் பைக்குள் போன் விழித்து
நடுங்கு நடுங்கென்று நடுங்கியது. பதினான்கு முறை.
டாக்டர் திரும்பிப் பார்த்தார்.
அவள் மணல் ஒட்டிய துண்டை எடுத்து
பையின் மேல் போட்டாள்,
கூண்டுக்கிளியை இரவில் மூடுவது போல.

ஏழு பேரும் இறங்கினார்கள். எண்ணினேன்.
நன்னீர் வாளியில் மாஸ்க்குகளை அலசினேன்.
ஏழாவது குழாயின் ரப்பரில்
அடர்ரோஜா நிறத்தில் இரண்டு உதடுகள்,
கடித்த தடம் ஆழமாக.
தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை.
அதை மட்டும் தனியே உலரவைத்தேன்.